பாதியில் நின்ற கணக்கு – ஒரு சின்ன வரலாறு

தமிழ்நாட்டின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், கிழக்குக் கடற்கரை நேராகத் தெற்கே இறங்கி வந்து, ஓரிடத்தில் சட்டென்று மேற்கே திரும்பும். அந்த மூலைதான் கோடியக்கரை. வடக்கே வேதாரண்யம். பக்கத்தில் உப்பளங்களும் சரணாலயமும். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய பகுதி இது. 1991 இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரிந்தாலும், பெரியவர்கள் வாயில் இன்னும் 'தஞ்சாவூர் ஜில்லா'தான்.

2018 நவம்பர் 16, நள்ளிரவு கடந்த நேரம். கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. தென்னை, மா, முந்திரி எல்லாம் சாய்ந்தன. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. கோடியக்கரைக் காட்டில் புள்ளிமான்களும் குதிரைகளும் செத்துக் கிடந்தன.

இவ்வளவு பெரிய அழிவுக்கு நடுவே யாரும் கேட்காத ஒரு சின்னக் கேள்வி உண்டு. கரண்ட் போன அந்த நொடியில் எங்கோ ஒரு கணினியில் பாதி எழுதி முடித்திருந்த கணக்கு என்ன ஆகும்? ஒருவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, அடுத்தவர் கணக்கில் இன்னும் ஏறவில்லை. அதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது. அந்தப் பணம் இப்போது யாருடையது?

புயல் அடித்தால்தான் இந்தக் கேள்வி வரும் என்றில்லை. ஏடிஎம்மில் பணம் வராமல் 'டெபிட்' என்று மட்டும் குறுஞ்செய்தி வரும் ஒவ்வொரு முறையும் இதே கேள்விதான். உப்பளத்தில் கூலி வாங்குபவருக்கு 500 ரூபாய் ஐந்து நாள் நின்றுபோனால் அது அடுப்பு எரியாத விஷயம். இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க கணினி உலகத்துக்குச் சுமார் 30 ஆண்டுகள் ஆயின. அந்த விடையில் மிக முக்கியமான பகுதியை எழுதியவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னையில் படித்த ஒருவர்!

மொய் நோட்டும் பரிவர்த்தனையும்

கணினிக்குப் போகும் முன், எல்லோருக்கும் தெரிந்த மொய் நோட்டை எடுத்துக்கொள்ளலாம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்துகள் களைகட்டும். ஒருவர் பணத்தை எண்ணி வாங்கிப் பெட்டியில் போடுவார். ஒருவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் எழுதுவார். பெட்டியில் போடுவதும் நோட்டில் எழுதுவதும் இரண்டு வேலைகள். ஆனால் கொடுத்தவரைப் பொறுத்தவரை அது ஒரே வேலை. பணம் பெட்டிக்குள் போய், பெயர் நோட்டில் ஏறாவிட்டால் அவருக்கு அது மொய்யே அல்ல. திரும்பச் செய்யவேண்டியவர் தவறாமல் மறந்துவிடுவார், உறவே முறிந்துவிடும்.

இப்படி 'நடந்தால் முழுதாக நடக்கவேண்டும், இல்லாவிட்டால் நடக்கவே கூடாது' என்கிற வேலைத் தொகுதிக்குத்தான் கணினி மொழியில் டிரான்சாக்‌ஷன், அதாவது பரிவர்த்தனை என்று பெயர். முழுதாக முடிந்ததை உறுதி செய்வது 'கமிட்'. பாதியில் நின்றதைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுபோய் விடுவது 'ரோல்பேக்'. இந்த இரண்டைத் தவிர மூன்றாவது முடிவு கிடையாது. இருக்கவும் கூடாது.

தொடக்க காலம்

இந்தத் தொல்லை முதலில் பெரிதாக வந்தது வங்கியில் அல்ல, விமான டிக்கெட்டில். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து 'சேபர்' என்ற முன்பதிவு முறையை 1960களின் தொடக்கத்தில் உருவாக்கின. ஒரே இருக்கையை இரண்டு ஊர்களில் இருவருக்கு விற்றுவிடக்கூடாது என்பதே அங்கு பெரிய கவலை. அடுத்து நிலாவுக்குப் போன அப்பல்லோ திட்டம். அந்த ராக்கெட்டின் லட்சக்கணக்கான உதிரி பாகங்களின் பட்டியலைக் கட்டி மேய்க்க ஐ.பி.எம். உருவாக்கிய தரவுத்தள மென்பொருள்தான் பின்னாளில் 'ஐ.எம்.எஸ்.' என்று பெயர் பெற்றது. அது 1968 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஓடத் தொடங்கியது. இன்றும் பெரிய வங்கிகள் சிலவற்றில் ஐ.எம்.எஸ். உயிரோடு இருக்கிறது.

1970 இல் ஐ.பி.எம்.மின் எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாக வைக்கும் முறையை முன்வைத்தார். அதைச் செய்து பார்க்க 1974 இல் சான் ஹோசே ஆய்வகத்தில் 'சிஸ்டம் ஆர்' திட்டம் தொடங்கியது. அந்தக் குழுவில் இருந்தவர் ஜிம் கிரே. பரிவர்த்தனை என்ற எண்ணத்துக்கு இலக்கணம் எழுதியவர் என்று இவரைத்தான் சொல்வார்கள். 1976 இல் கே.பி. ஈஸ்வரன், ஜிம் கிரே, லோரி, டிரெய்கர் ஆகிய நால்வர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. பலர் ஒரே நேரத்தில் ஒரே தரவைத் தொடும்போது பூட்டுகளை எந்த ஒழுங்கில் போட்டுத் திறந்தால் கணக்கு கெடாது என்பதை அது நிறுவியது. 1981 இல் கிரே பரிவர்த்தனையின் நன்மைகளையும் வரம்புகளையும் தனிக் கட்டுரையாகவே எழுதினார். 1983 இல் ஹார்டர், ராய்ட்டர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் நான்கு குணங்களையும் சேர்த்து 'ஆசிட்' என்று சுருக்கப் பெயர் வைத்தார்கள். இன்று கல்லூரித் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி இது!

அந்த நான்கு குணங்கள் இவைதான்:

1. முழுமை – எல்லாம் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது.
2. முரணின்மை – விதிகளை மீறிய நிலையில் கணக்கு நிற்காது.
3. தனிமை – ஒருவர் பாதியில் வைத்திருப்பது அடுத்தவர் கண்ணில் படாது.
4. நிலைப்பு – 'முடிந்தது' என்று சொன்னபின் கரண்ட் போனாலும் அழியாது.

மூன்றாவது குணத்துக்கு நம்மூர் ரயில்வேயை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. இந்திய ரயில்வேயில் கணினி முன்பதிவு 1985 இல் டெல்லியில் தொடங்கியது. பிறகு 'கன்சர்ட்' என்ற மென்பொருள் 1994 இல் செகந்திராபாத்தில் வந்து, 1999 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் இணைக்கப்பட்டன. கடைசி ஒரு பெர்த் இருக்கிறது. தஞ்சாவூர் கவுண்டரில் ஒருவர், எழும்பூர் கவுண்டரில் ஒருவர், இருவரும் ஒரே நொடியில் கேட்கிறார்கள். ஒருவருக்குத்தான் கிடைக்கவேண்டும். அந்த ஒரு நொடிப் பூட்டுக்குப் பின்னால் 1976 கட்டுரையின் கணிதம் இருக்கிறது.

வாலாஜா சாலையிலிருந்து அல்ல, ஐ.ஐ.டி.யிலிருந்து

சந்திரசேகரன் மோகன் 1955 இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் 1977 இல் பட்டம் பெற்றார். என்ன படிப்பு தெரியுமா? கணினி அல்ல, வேதிப் பொறியியல்! அப்போது பட்டப் படிப்பாகக் கணினியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே நம் நாட்டில் மிகக் குறைவு. அங்கிருந்து அமெரிக்கா சென்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1981 இல் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டின் இறுதியில் ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்தில் சேர்ந்தார். 2020 இல் ஓய்வு பெறும்வரை அந்த ஒரே நிறுவனம்தான்.

அவர் சேர்ந்தபோது பரிவர்த்தனை என்றால் என்ன என்பதற்கு இலக்கணம் இருந்தது. ஆனால் பாதியில் விழுந்த கணினியை வேகமாகவும் பிழையில்லாமலும் எழுப்பி நிறுத்துவதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே வழி இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டிருந்தது. மோகனும் அவருடன் ஹேடர்லி, லிண்ட்சே, பிராஹேஷ், ஷ்வார்ஸ் ஆகியோரும் சேர்ந்து 'ஏரீஸ்' என்ற முறையை உருவாக்கினார்கள். முழுக் கட்டுரை 1992 இல் வெளிவந்தது. ஐ.பி.எம்.மின் டி.பி.2, மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் முதலிய பல தரவுத்தளங்களின் மீட்பு முறைக்கு அதுவே அடிப்படை. மோகனுக்கு 1997 இல் ஐ.பி.எம். தன் மிக உயர்ந்த தொழில்நுட்ப மதிப்பான 'ஃபெலோ' பட்டத்தை வழங்கியது.

நாள்வழியும் பேரேடும்

ஏரீஸ் எப்படி வேலை செய்கிறது? பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. கடையில் நடப்பது முதலில் நாள்வாரியாகக் குறிப்பேட்டில் ஏறும். பிறகுதான் பெயர்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். பேரேடு கிழிந்தாலும் குறிப்பேடு இருந்தால் திரும்ப எழுதிவிடலாம். குறிப்பேடு தொலைந்தால் கதை முடிந்தது.

தரவுத்தளத்திலும் அதே இரண்டு ஏடுகள்தான். குறிப்பேட்டின் பெயர் 'லாக்'. விதி ஒன்றே ஒன்று: பேரேட்டுப் பக்கத்தை வட்டில் மாற்றும் முன் அந்த மாற்றத்தைப் பற்றிய வரி லாகில் எழுதப்பட்டிருக்கவேண்டும். கமிட் என்ற வரி லாகில் பத்திரமாக ஏறிய பிறகுதான் வாடிக்கையாளரிடம் 'முடிந்தது' என்று சொல்லவேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். உப்பு வியாபாரியின் கணக்கில் 10,000 ரூபாய். லாரிக்காரர் கணக்கில் 5,000. வியாபாரி லாரி வாடகையாக 2,000 அனுப்புகிறார். லாகில் ஏறும் வரிகள்:

வரி 1: பரிவர்த்தனை தொடக்கம்.
வரி 2: வியாபாரி 10,000 → 8,000.
வரி 3: லாரிக்காரர் 5,000 → 7,000.
வரி 4: கமிட்.

வரி 2 முடிந்ததும் கரண்ட் போனால்? கமிட் வரி இல்லை. ஆகவே வியாபாரியின் கணக்கு மீண்டும் 10,000 ஆகவேண்டும். வரி 4 ஏறிய பிறகு, பேரேட்டுப் பக்கங்கள் வட்டுக்குப் போகும் முன் கரண்ட் போனால்? கமிட் இருக்கிறது. ஆகவே 8,000, 7,000 என்று பேரேட்டில் எழுதியே தீரவேண்டும்.

கணினி மறுபடி எழுந்ததும் ஏரீஸ் மூன்று நடை நடக்கிறது. முதல் நடை ஆராய்ச்சி. கடைசியாகப் போட்ட அடையாளக் குறியிலிருந்து லாகைப் படித்து, யார் முடித்தார்கள், யார் பாதியில் நின்றார்கள் என்று பிரிப்பது. இரண்டாம் நடைதான் வேடிக்கையானது. முடித்தவர், முடிக்காதவர் என்று பார்க்காமல், லாகில் உள்ள எல்லா மாற்றங்களையும் நடந்த வரிசையில் திரும்பச் செய்வது! இதற்கு 'வரலாற்றைத் திரும்ப நடத்துதல்' என்றே கட்டுரையில் பெயர். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாக எந்த லாக் வரி எழுதப்பட்டது என்ற எண் இருப்பதால், ஏற்கெனவே எழுதிய மாற்றம் இரண்டாம் முறை எழுதப்படாது. மூன்றாம் நடையில், பாதியில் நின்றவர்களின் மாற்றங்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கழிப்பது.

ஏன் முடிக்காதவர்களையும் ஒருமுறை திரும்பச் செய்துவிட்டுப் பிறகு கழிக்கவேண்டும்? சுற்றி வளைப்பது போலத் தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால்தான் கணினி விழுந்த நொடியில் எப்படி இருந்ததோ அதே நிலைக்குப் போய்ச் சேரும். அந்த நிலை கிடைத்துவிட்டால், அதன்பின் கழிப்பது வழக்கமான ரோல்பேக் போலவே ஆகிவிடுகிறது. தனி வித்தை எதுவும் தேவையில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. கழிக்கும்போது பழைய வரியை அழிப்பதில்லை. 'வரி 2 ஐக் கழித்தாயிற்று' என்று புதிதாக ஒரு ஈடுசெய் வரி எழுதப்படுகிறது. மீட்பு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மறுபடி கரண்ட் போனால்? அடுத்த முறை எழும்போது அந்த ஈடுசெய் வரியைப் பார்த்து, அதுவரை கழித்ததை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் கழிக்கும். எத்தனை முறை விழுந்தாலும் விடை மாறாது. கஜாவுக்குப் பிறகு ஜெனரேட்டரில் ஓடி, டீசல் தீர்ந்து நின்று, மறுபடி ஓடிய நாட்களை நினைத்தால் இதன் அருமை புரியும்.

நம் பழைய கணக்குப்பிள்ளைகளும் இதையேதான் செய்தார்கள். தப்பான பதிவைச் சுரண்டி அழிக்கமாட்டார்கள். திருத்தப் பதிவு ஒன்று போடுவார்கள். அழித்த கணக்கை யாரும் நம்பமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அலுவலக மென்பொருள்களில்

1972 இல் ஐ.பி.எம்.மிலிருந்து வெளியேறிய ஐந்து பொறியாளர்கள் ஜெர்மனியில் எஸ்.ஏ.பி. நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1992 இல் வந்த அவர்களின் 'ஆர்-3' உலகெங்கும் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தது. நம் சென்னையில் ராம்கோ குழுமமும் 1990களில் 'மார்ஷல்' என்ற பெயரில் சொந்தமாக இத்தகைய மென்பொருளை உருவாக்கியது. கொள்முதல், கிடங்கு, கணக்கு, சம்பளம் எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருப்பதே இவற்றின் சிறப்பு. அதுவே சிக்கலுக்கும் காரணம். ஒரு மூட்டை உப்பு கிடங்கைவிட்டு வெளியேறினால் இருப்பு குறையவேண்டும், விற்பனை ஏறவேண்டும், வரி ஏறவேண்டும், வாடிக்கையாளர் பாக்கி ஏறவேண்டும். நான்கில் ஒன்று தவறினாலும் நான்கும் தவறு.

எஸ்.ஏ.பி.யில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்துக் குழம்பும் காட்சி ஒன்று உண்டு. 'சேவ்' அழுத்தியதும் ஆவண எண் வந்துவிடும். பத்து நிமிடம் கழித்துத் தேடினால் அந்த எண்ணில் ஆவணமே இருக்காது! காரணம் எளிமையானது. திரையில் எண்ணைக் கொடுப்பது ஒரு வேலையாள். தரவுத்தளத்தில் எழுதுவது பின்னணியில் இன்னொரு வேலையாள். இரண்டாமவர் தடுக்கி விழுந்தால், முதலாமவர் சொன்ன எண் வெறும் எண்ணாகவே நின்றுவிடும். அனுபவசாலிகள் முதலில் 'எஸ்.எம்.13' திரையைத் திறந்து முறிந்துபோன பதிவுகளைப் பார்ப்பார்கள். பிறகு 'எஸ்.டி.22' இல் நிரல் எங்கே விழுந்தது, 'எஸ்.எம்.12' இல் யாருடைய பூட்டு விடுபடாமல் நிற்கிறது, 'எஸ்.எம்.21' இல் அந்த நேரத்தில் கணினியில் வேறென்ன நடந்தது என்று வரிசையாகப் போவார்கள்.

பரிவர்த்தனை முறிவதற்குப் பொதுவான காரணங்கள் நான்கு.

முதலாவது, இருவர் ஒருவரையொருவர் மறித்து நிற்பது. ஒற்றை வண்டி போகும் உப்பளச் சாலையில் இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் போயாகவேண்டும். தரவுத்தளம் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் திருப்பி அனுப்பும். ஆரக்கிளில் இதற்குப் பிழை எண் 60, எஸ்.க்யூ.எல். சர்வரில் 1205. இரண்டு லாரிகளும் எப்போதும் ஒரே வரிசையில் சாலைக்குள் நுழைந்தால் இந்தப் பிரச்சினையே வராது. அதாவது எல்லா நிரல்களும் அட்டவணைகளை ஒரே வரிசையில் தொடவேண்டும்.

இரண்டாவது, இடம் தீர்ந்துபோவது. லாக் எழுத வட்டில் இடமில்லை என்றால் எல்லாம் நின்றுவிடும். இடம் வேண்டும் என்று லாகையே அழிப்பவர்கள் உண்டு. குறிப்பேட்டைக் கிழித்து அடுப்பு மூட்டுவது போன்றது அது.

மூன்றாவது, விதி மீறல். இல்லாத வாடிக்கையாளர் எண், இருப்பைவிட அதிகமான விற்பனை போன்றவை. இங்கே பரிவர்த்தனை முறிந்தது கோளாறு அல்ல. அது தன் கடமையைச் செய்திருக்கிறது. பிழை தரவில்தான்.

நான்காவதுதான் மிக மோசமானது. பதில் வராமல் போவது. கேட்டது போய்ச் சேரவில்லையா, சேர்ந்து நடந்துவிட்டு பதில் மட்டும் தொலைந்ததா என்று தெரியாது. பொறுமையில்லாமல் மறுபடி அனுப்பினால் பணம் இரண்டு முறை போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் தருகிறார்கள். அதே எண் மறுபடி வந்தால், 'இது முன்பே முடிந்தது' என்று எதிர்முனை சொல்லிவிடும். இரண்டு கணினிகள் சேர்ந்து ஒரே முடிவுக்கு வரும் 'இருகட்ட உறுதி' முறையை இன்னும் குறைந்த செய்திகளில் செய்யும் வழியையும் மோகன், லிண்ட்சே, ஓபர்மார்க் மூவரும் 1986 இல் எழுதினார்கள். அதன் ஒரு வகையில் உள்ள விதி அழகானது: ஒரு பரிவர்த்தனையைப் பற்றி எந்தக் குறிப்பும் இல்லை என்றால், அது நடக்கவில்லை என்றே கொள்க.

சட்டமும் நூறு ரூபாயும்

வங்கிகள் வேறு வேறு, கணினிகள் வேறு வேறு என்று ஆனபோது பூட்டும் லாகும் மட்டும் போதவில்லை. ஏடிஎம் ஒரு வங்கியுடையது, அட்டை இன்னொரு வங்கியுடையது, நடுவில் ஒரு வலையமைப்பு. இங்கே யார் பொறுப்பு?

2009 இல் ரிசர்வ் வங்கி, ஏடிஎம்மில் முறிந்த பரிவர்த்தனைக்கு 12 வேலை நாட்களுக்குள் பணத்தைத் திருப்பவேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தரவேண்டும் என்றது. 2011 ஜூலை முதல் அது 7 வேலை நாட்களாகக் குறைந்தது. 2016 இல் யு.பி.ஐ. வந்து, டீக்கடை வரை பரவியது. 2019 செப்டம்பர் 20 இல் ரிசர்வ் வங்கி எல்லா வகைகளுக்கும் சேர்த்துக் காலக்கெடு விதித்தது. ஏடிஎம் என்றால் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள், யு.பி.ஐ.யில் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு என்றால் அடுத்த நாளுக்குள், பணம் தானாகத் திரும்பவேண்டும். மீறினால் நாளுக்கு 100 ரூபாய். வாடிக்கையாளர் புகார் கொடுக்காவிட்டாலும் தரவேண்டும் என்பது முக்கியம். உப்பளத் தொழிலாளி வேதாரண்யத்துக்குப் பஸ் ஏறி வரிசையில் நிற்காமலே பணம் திரும்பவேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

கும்பகோணத்தில் ஒரு காலை

கணக்கு சரியாக ஏறியிருப்பதும், சரியான கணக்கு ஏறியிருப்பதும் ஒன்றா? இல்லை என்று காட்டியது காவிரிக் கரையிலேயே நடந்த ஒரு சம்பவம்.

1904 இல் 'கும்பகோணம் பேங்க்' என்று தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியில், 2018 பிப்ரவரி 7 அன்று கணக்கு சரிபார்த்தபோது, வங்கி அனுப்பாத மூன்று வெளிநாட்டுப் பணப் பரிமாற்றங்கள் 'ஸ்விஃப்ட்' வழியே போயிருப்பது தெரிந்தது. மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். துபாய், துருக்கி, சீனா என்று மூன்று திசைகள். துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் தடுத்து நிறுத்தப்பட்டது. ஸ்விஃப்ட் செய்திகளை அச்சிடும் பிரிண்டரை ஊடுருவியவர்கள் முடக்கியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியிலும் இதே போலப் பிரிண்டர்தான் முதலில் பேச்சிழந்தது. அங்கே கேட்கப்பட்ட தொகை 95 கோடி டாலர், போனது 10.1 கோடி டாலர். இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், பெறும் அமைப்பின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் மாட்டித் திரும்பி வந்தது.

இந்த இரண்டிலும் நடந்தேறிய பரிமாற்றங்களில் எந்தத் தரவுத்தளமும் தவறு செய்யவில்லை. கமிட், லாக், பூட்டு எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. உத்தரவுதான் பொய். அதைக் கண்டுபிடித்தது எது? இரண்டு ஏடுகளை வைத்து வரிக்கு வரி டிக் போடும் பழைய வேலை. மொய் விருந்து முடிந்த இரவு பெட்டியையும் நோட்டையும் ஒப்பிடும் அதே வேலை. அச்சாக வேண்டிய காகிதம் வரவில்லை என்பதும் ஒரு செய்திதான் என்பதை அந்தப் பிரிண்டர்கள் சொல்லித் தந்தன.

கடல்

பரிவர்த்தனைக்கு இலக்கணம் எழுதிய ஜிம் கிரேவுக்கு 1998 இல் கணினித் துறையின் மிகப் பெரிய பரிசான டூரிங் விருது கிடைத்தது. 2007 ஜனவரி 28 அன்று, தாயின் அஸ்தியைக் கரைப்பதற்காகச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஃபாரலான் தீவுகளை நோக்கித் தன் பாய்மரப் படகில் தனியாகக் கிளம்பினார். திரும்பவில்லை. கடலோரக் காவல் படை தேடியது. நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களை வரவழைத்து, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தே ஒவ்வொரு படமாகப் பார்த்தார்கள். படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. 2012 இல் சட்டப்படி அவர் இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.

போனவர் திரும்பாத வீடுகள் கோடியக்கரை போன்ற கடலோர ஊர்களுக்குப் புதிதல்ல. முடிந்ததா, இல்லையா என்று தெரியாமல் நிற்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை என்பது அந்த வீடுகளுக்குத் தெரியும். கடலுக்கு லாக் கிடையாது.

மனிதன் எழுதும் கணக்குக்கு உண்டு. முதலில் குறித்துவை, பிறகு செய். செய்ததை அழிக்காதே, தவறு என்றால் திருத்தப் பதிவு போடு. பதில் வராவிட்டால் அவசரப்பட்டு மறுபடி அனுப்பாதே, என்ன நடந்தது என்று முதலில் பார். இரவு முடியும் முன் பெட்டியையும் நோட்டையும் ஒப்பிடு. முப்பது ஆண்டு ஆராய்ச்சியின் சாரம் இவ்வளவுதான். அடுத்த முறை ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், பதற்றத்தில் அந்தத் துண்டுச் சீட்டைக் கசக்கி எறியவேண்டாம். அதில் உள்ள எண்தான் அந்தப் பணத்துக்கு வீடு திரும்பும் வழி.